வாரத்தில் ஒரு நாள் மட்டும் வீட்டில் இருக்கும் அப்பா பிள்ளைகளுக்கு என்ன செய்ய முடியும்?

சி ஷிஃப்ட் (பென்னாகரம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பென்னாகரம் பக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில். ஷிஃப்ட் மாறி மாறி வரும். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால் தருமபுரியில் இறங்கி, அடுத்த வண்டியைப் பிடித்து வீடு சேர நடுராத்திரி ஆகிவிடும். ஞாயிறு சாயங்காலம் திரும்பக் கிளம்ப வேண்டும்.

மகள் ஊர் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. பையனுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. வீட்டில் மனைவி, அம்மா, இரண்டு கறவை மாடுகள். விடிந்தால் பால் சொசைட்டிக்கு ஊற்றுவதிலிருந்து மனைவிக்கு ஓட்டம்தான்.

நான் வரும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. பரோட்டா பார்சல் வரும், கேட்டவுடன் செல்போன் கையில் கிடைக்கும், வீட்டுப்பாடம் கிடையாது. போன வாரம் மனைவி சொன்னாள்: "நீங்க வர்ற அன்னைக்கு எல்லாம் தலைகீழாப் போயிடுது. திங்கக்கிழமை காலையில இவளைக் கிளப்பி ஸ்கூலுக்கு அனுப்ப நான் படுற பாடு யாருக்குத் தெரியும்?" சின்னவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான், தூக்கினால் அழுவான். அம்மாவிடம் சொன்னால், "உங்கப்பன் உன்னைத் தூக்கி நான் பார்த்ததே இல்ல, நீ வளரலையா?" என்கிறார். ரூமில் இருப்பவர்களோ, காசு ஒழுங்காகப் போகிறதா, அது போதும் என்கிறார்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். அப்பா கூட இருப்பதால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது மாறுமா, இல்லை டவுன்காரர்கள் பேச்சா? மாறும் என்றால், ஒரு பகல் மட்டும் கையில் இருப்பவன் எதைச் செய்வது? குடும்பத்தை ஓசூருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. மாடும் அம்மாவும் என்ன ஆவது என்பதில் அது நின்றுவிடுகிறது.

---

பர்கூர் ஜவுளி

தம்பி, ரூம்காரர்கள் சொல்வதில் பாதி சரி. காசு அனுப்புவதும் பிள்ளையைக் கவனிப்பதுதான். யூனிஃபார்மும் புத்தகமும் அரசு தந்துவிடும், காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்கு யார் தருவார்கள்? என் கடைக்கு வரும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அப்பன் ஊரிலேயே இருந்துகொண்டு சாயங்காலம் டாஸ்மாக்கில் உட்கார்ந்திருக்கும் வீட்டைவிட, வெளியூரில் இருந்து மாதம் தவறாமல் அனுப்பும் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தினமும் வீட்டில் இருப்பவன் எல்லாம் நல்ல அப்பன் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

பரோட்டாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பாவம் பிள்ளைகள்.

---

களப்பணி (கிருஷ்ணகிரி)

குழந்தைகள் நலத் துறையில் களவேலை செய்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டவுன் பேச்சு இல்லை. 2008இல் சுவீடனைச் சேர்ந்த அன்னா சார்காடி என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும், பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து நடத்திய 24 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அதில் 22இல் அப்பாவின் ஈடுபாட்டால் நன்மை தெரிந்தது. பையன்களிடம் அடிதடி, அடங்காமை குறைகிறது. பெண் பிள்ளைகள் வளர்ந்த பிறகு மனச் சோர்வு மாதிரியான சிக்கல்கள் குறைகின்றன. வசதி குறைந்த குடும்பங்களில் பிள்ளைகள் குற்ற வழியில் போவதும் குறைகிறது. ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் நடந்தவை, அதனால் நம் ஊருக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

இன்னொன்று. 1980களிலேயே அமெரிக்காவில் மைக்கேல் லாம், ஜோசப் ப்ளெக் முதலானவர்கள் அப்பாவின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளையோடு நேராகப் பழகுவது, தேவைப்படும்போது கிடைப்பது, பொறுப்பை ஏற்பது. முதல் இரண்டுக்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது. மூன்றாவதை ஓசூரில் இருந்தும் செய்யலாம். தடுப்பூசி எப்போது, செருப்பு பிய்ந்துவிட்டதா, வகுப்பில் யாரோடு சண்டை என்பதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த மூன்றாவது. நான் போகிற வீடுகளில் அப்பாக்கள் மிகக் குறைவாகத் தொடுவதும் அதைத்தான்.

---

அரூர் டீச்சர் (ஓய்வு)

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் இருந்தேன், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். பாதி வகுப்புக்கு அப்பா பெங்களூரு, திருப்பூர், கேரளா என்றுதான் இருப்பார். சில வீட்டில் அப்பா அம்மா இருவருமே கட்டட வேலைக்குப் போய், பிள்ளை பாட்டியிடம் இருக்கும். அதனால் உங்கள் கேள்வி எனக்குப் பழைய கேள்வி.

முதலில் உங்கள் மனைவி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். திங்கட்கிழமை என் வகுப்பில் வருகை குறையும், வந்த பிள்ளையும் தூங்கி வழியும். கேட்டால் "அப்பா வந்திருந்தாரு டீச்சர்" என்பார்கள். அப்பா வந்தது நல்ல சேதிதானே? வந்தவர் விருந்தாளியாக வந்தார், அதுதான் சிக்கல். விருந்தாளி சந்தோஷத்தைத் தந்துவிட்டுப் போய்விடுவார், அதட்டுவதும் எழுப்புவதும் அம்மாவின் தலையில் விழும். பிள்ளைக்கு அப்பா நல்லவர், அம்மா கெட்டவள் என்று ஆகிவிடும். இப்படி வருஷக்கணக்கில் போனால் கணவன் மனைவிக்குள்ளும் கசப்பு வரும். அந்தக் கசப்பையும் பிள்ளைதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

அதற்காக நீங்கள் வந்தவுடன் பிரம்பை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சில அப்பாக்கள் அதைத்தான் செய்வார்கள். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த புகாரை அம்மா சொல்ல, வந்த களைப்போடு இரண்டு அடி. அதுவும் வேண்டாம். ஒரே ஒரு வேலையை முழுசாக உங்களுடையது ஆக்கிக்கொள்ளுங்கள், தம்பி. உதவி செய்வது வேறு. "என்ன செய்யணும் சொல்லு, செய்யுறேன்" என்றால் ஞாபகம் வைக்கிற பாரம் அப்போதும் அவரிடம்தான் இருக்கிறது. மேலே களப்பணித் தம்பி சொன்ன மூன்றாவது இதுதான்.

எங்கள் பள்ளியில் ஒரு பையனின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும். அவர் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: பையனின் வாசிப்பு. ராத்திரி போனில் பையன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், அவர் கேட்பார். எங்கே தடுக்கிறான் என்று குறித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது எனக்கு போன் போடுவார். "டீச்சர், ஒற்று வர்ற இடத்துல விட்டுடுறான்" என்று அவர் சொன்னபோது எனக்கே ஆச்சரியம், நானே அதைக் கவனித்தது அதற்கு முந்தின வாரம்தான். அந்தப் பையன் கலெக்டர் ஆகிவிடவில்லை. டிப்ளமோ முடித்து உங்கள் சிப்காட்டில்தான் எங்கோ இருக்கிறான். ஆனால் அவன் பள்ளிக்கு வராத நாள் குறைவு. அப்பா டீச்சரிடம் பேசுகிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் வரும் ஒரு நிமிர்வு இருக்கிறது, அதை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு என்ன வேலை பொருந்தும்? பையனுக்குத் தடுப்பூசிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டர் போட்டாயிற்றா என்று இந்த ஞாயிறே அட்டையை எடுத்துப் பாருங்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மகளுக்கு 10 வயதில் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி வரும். இந்தத் தேதிகளை உங்கள் போனில் அலாரம் வைத்து, ஊர் நர்ஸிடம் நீங்களே கேட்டு, வீட்டுக்குச் சொல்லுங்கள். அழைத்துப் போவது மனைவியாக இருக்கலாம், கணக்கு உங்களுடையது.

பள்ளி விஷயமும் ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டம் வெள்ளிக்கிழமைகளில் வைப்பார்கள், உங்களுக்கு ஒத்துவராது. ஆனால் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நடக்கும். அன்றைக்கு உங்களுக்கும் லீவுதான். போய் எழுந்து நின்று பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். அம்மாக்கள் எத்தனையோ தடவை கேட்டு அலுத்துப் போன கேள்வி அது. வெளியூரில் வேலை செய்கிற ஆண் ஒருவர் வந்து கேட்டால் எழுதிக்கொள்கிறார்கள், என்ன செய்ய, ஊர் அப்படி இருக்கிறது.

சின்னவன் அழுவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆள் மாறினால் கறவை மாடே காலை உதைக்கும், அவன் பச்சைப் பிள்ளை. வந்தவுடன் பாய்ந்து தூக்காமல் தரையில் உட்காருங்கள். அவனாக வரட்டும். பிறகு ஞாயிறு காலை குளிப்பாட்டுவது உங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் பதம் பார்த்து, தலை துவட்டி, எல்லாம் நீங்களே. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஆகாது என்று உங்கள் அம்மா சொல்வார். சொன்னால் எண்ணெய் இல்லாமல் குளிப்பாட்டுங்கள், சண்டை எதற்கு.

---

லாரி வீடு (காவேரிப்பட்டணம்)

டீச்சர் சொன்னதோடு உங்கள் மனைவி, அந்த அண்ணி பக்கத்தில் இருந்து நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி லோடு, மற்ற நாளில் கிரானைட், குஜராத் வரைக்கும் போவார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. உங்களுக்காவது ஞாயிறு என்று ஒன்று இருக்கிறது அண்ணா.

மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு ஒன்றைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டினார். வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவழிக்கிறார்களாம், ஆண்கள் 97 நிமிடம். கூட்டத்தில் இருந்த ஆண்கள் "அட, ஒன்றரை மணி நேரம் செய்றோமே" என்று சந்தோஷப்பட்டார்கள். அந்த 97, வீட்டு வேலையில் கைவைக்கிற ஆண்களுக்குள் எடுத்த சராசரி. அப்படிக் கைவைப்பவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிள்ளைகளோடு விளையாடுவதை அண்ணி குறை சொல்லவில்லை. நீங்கள் விளையாடும்போது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று கறி எடுத்து, மசாலா அரைத்து, களி கிண்டி, உங்கள் ஒரு வாரத்துத் துணியையும் சேர்த்துத் துவைத்து, உங்களைக் கிளப்பிவிட்டு, அப்புறம்தான் உட்காருவார். உங்கள் லீவு நாள்தான் அவருக்கு டபுள் ஷிஃப்ட். அந்தத் துணியை ரூமிலேயே துவைத்துவிட்டு வாருங்கள். அதுவும் பிள்ளைகளுக்குச் செய்கிற நன்மைதான், அம்மா முகம் தெளிவாக இருந்தால் வீடே தெளிவாக இருக்கும்.

போன் விஷயம். இவர் டாபாவில் நிறுத்தும்போது வீடியோ காலில் வருவார். முதலில் எல்லாம் "படிச்சியா, சாப்பிட்டியா, அம்மாவைப் படுத்தாத" மூன்றே கேள்வி. பிள்ளைகள் "ம்" சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். இப்போது அவர் எதையாவது காட்டுவார். கர்நாடகா பார்டரில் ஒரு ஒட்டகம், டயர் மாற்றுவது, ஒரு ஊர்ப் பலகையில் இந்தி எழுத்து. பெரியவன் அட்லஸை எடுத்துவைத்து அப்பா எங்கே இருக்கிறார் என்று விரல் வைக்கிறான். நீங்களும் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றால் ரூமில் நீங்கள் சமைப்பதையாவது காட்டுங்கள். அப்பா ரசம் வைக்கிறார் என்றால் பிள்ளைகளுக்கு ஒட்டகத்தைவிட அதிசயமாக இருக்கும்.

---

சி ஷிஃப்ட் (பென்னாகரம்)

எல்லோருக்கும் நன்றி. துணி விஷயம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அம்மா என்னவென்று கேட்டு வந்துவிட்டார்.

ஒரு சந்தேகம். ஞாயிறு பாத்திரம் விளக்கினால் பக்கத்து வீட்டில் பேசுவார்கள், பொண்டாட்டி தாசன் என்று. எனக்குப் பரவாயில்லை. அம்மாதான் கூனிக் குறுகிப் போகிறார். அப்புறம், மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டால் அப்பா கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்களே. இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான் என் வேலை, அதற்குப் பிறகு அம்மா பாடு என்பது போல.

---

ஊத்தங்கரை நர்ஸ்

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் லாகின் பண்ணி வந்தேன். அண்ணா, தயவுசெய்து தள்ளி நிற்காதீர்கள். உங்கள் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

நான் பிறந்த காலம் எப்படிப்பட்டது என்று இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிந்தது. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அப்பா பெங்களூரில் மேஸ்திரியிடம் ஆள் வேலை. மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். கொஞ்சவெல்லாம் தெரியாது. ஆனால் வரும்போதெல்லாம் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். என்ன புரிந்ததோ, எனக்குத் தெரியாது. என் சயின்ஸ் டீச்சர் பெயர், எனக்கு மார்க் குறைந்த பாடம், நர்ஸிங் என்று நான் ஒரு நாள் உளறியது, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். எனக்கு வயது 15. சொந்தம், நிலம் இருக்கிறது, போர்வெல் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு இஷ்டமில்லை, ஆனால் அம்மா சொல்வதை அந்தத் திண்ணையில் யார் கேட்டார்கள்? நம் பக்கம் பெண் கல்யாணம் பேசுவது எல்லாம் ஆண்கள்தான். மாமா, பெரியப்பா, பங்காளி. அம்மா போன் செய்ததும் அப்பா வேலையைப் போட்டுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். அவர் சட்டம் பேசவில்லை, 18 வயது என்றெல்லாம் அவருக்குத் தெரியுமா என்றே தெரியாது. "சயின்ஸ்ல இவ எடுத்த மார்க் என்னன்னு தெரியுமா உனக்கு? நர்ஸாகணும்ங்குறா. படிக்கட்டும்." அவ்வளவுதான். மாமாவிடம் அதற்குப் பதில் இல்லை. ஏனென்றால் அவருக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

வெளியூரிலேயே இருந்து பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாத அப்பா என்றால், அண்ணன் தம்பி சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். என்னோடு படித்தவர்களில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் அந்த வயதுப் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யலாம், 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, எல்லாம் சரி. வீட்டுக்குள்ளேயே ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அதுவரை போக வேண்டியதில்லை.

பெரியவளானதும் தள்ளி நிற்பது பற்றி: மகளிடம் முன்கூட்டியே மாதவிடாய் பற்றி அம்மா பேசட்டும். அப்பாவும் நாப்கின் வாங்கி வரலாம், ஒன்றும் குறைந்துவிடாது. என் அப்பா செய்தித்தாளில் சுற்றி வாங்கி வந்து மாடத்தில் வைத்துவிட்டுப் போவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

---

பர்கூர் ஜவுளி

இந்தப் பாப்பா சொன்னதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. ஆனால் பாருங்கள், அவர் அப்பாவும் பெங்களூரில் இருந்து காசு அனுப்பியவர்தான். தம்பி அவசரப்பட்டு வேலையை விட்டுவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

அரூர் டீச்சர் (ஓய்வு)

ஜவுளிக்காரர் சொல்வது சரிதான், வேலையை விடச் சொல்லி இங்கே யாரும் சொல்லவில்லை.

ஓசூருக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போவது பற்றி: போவதாக இருந்தால் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது போங்கள். ஆறாம் வகுப்புக்கு எப்படியும் பள்ளி மாறத்தான் வேண்டும், நடுவில் பிடுங்கி நட வேண்டியதில்லை. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று வழியிலும் அரசுப் பள்ளிகள் உண்டு, அதனால் தமிழ் வழி எங்கே, ஆறாம் வகுப்பு எங்கே என்று இப்போதே நேரில் போய்ப் பார்த்து வையுங்கள். அதுவும் உங்கள் வேலைப் பட்டியலில் சேரட்டும். வாடகை, அட்வான்ஸ், மாட்டை விற்றால் நிற்கும் பால் காசு, மூன்றையும் மனைவியோடு உட்கார்ந்து காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். அம்மா வருவாரா என்பதை அவரிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். என் அனுபவத்தில் பாதிப் பாட்டிகள் "நான் வரல, நீங்க போங்க" என்பார்கள், பேரப்பிள்ளை கிளம்பும் நாளில் மூட்டையோடு வாசலில் நிற்பார்கள்.

பாத்திரம் விளக்குவதற்கு ஒரு வழி. ஆரம்பத்தில் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைப் பக்கமாக உட்கார்ந்து விளக்குங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக் கதையைக் கேட்டபடி. நாலு வாரம் போனால் ஊருக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிடும், பிறகு முன்பக்கம் வந்துவிடலாம். தடுப்பூசி அட்டையைப் பார்த்தீர்களா, அதைச் சொல்லவே இல்லையே?

---

சி ஷிஃப்ட் (பென்னாகரம்)

பார்த்தேன் டீச்சர். பூஸ்டர் போட்டிருக்கிறது. வைட்டமின் ஏ ஒரு தடவை விட்டுப் போயிருக்கிறது. நர்ஸம்மாவிடம் பேசிவிட்டேன், வருகிற புதன்கிழமை அங்கன்வாடிக்கு வரச் சொன்னார். எனக்கு அன்றைக்கு நைட் ஷிஃப்ட், காலையில் போன் செய்து கிளப்பிவிடுகிறேன்.